விளம்பரம் வேறு, விற்பனை வேறு, பிரசாரம் வேறு
மூன்றையும் பிரித்தறிந்தால் விவசாயிக்கு நஷ்டம் குறையும்

விதைப்புக் காலம் நெருங்கிவிட்டால் கிராமத்துச் சுவர்களில் புதுப்புது எழுத்துக்கள் தோன்றும். விதைக் கம்பெனியின் வேன் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வரும். உரக்கடை வாசலில் ஆள் உயரக் கதிருடன் வண்ணப்படம் தொங்கும். அதே வாரத்தில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் வந்து, விதை நேர்த்தி செய்து விதையுங்கள் என்று கூட்டம் போடுவார். கைபேசியைத் திறந்தால் யாரோ ஒருவர், இந்தப் பயிரை வைத்தால் ஏக்கருக்கு இத்தனை லட்சம் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இத்தனை பேரும் விவசாயியிடம்தான் பேசுகிறார்கள். எல்லோருமே விவசாயியின் நன்மைக்காகவே பேசுவதாகச் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்வது ஒரே காரியம் அல்ல. ஒருவர் செய்வது விளம்பரம். மற்றொருவர் செய்வது விற்பனை ஏற்பாடு. வேறொருவர் செய்வது பிரசாரம். ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொண்டு பணத்தைப் போட்டவர்கள் நிலத்தை அடமானம் வைக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். ஆகவே இம்மூன்றின் வேறுபாட்டை விவசாயிகள் நன்கு தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றும் எவை?

ஒரு பொருளை விற்பவர் பணம் செலவழித்து, பத்திரிகையில் இடமோ, வானொலி, தொலைக்காட்சியில் நேரமோ, சுவரோ வாங்கி, 'என் பொருளை வாங்குங்கள்' என்று சொல்வது விளம்பரம். சொல்பவர் யார், எதற்காகச் சொல்கிறார் என்பது பெரும்பாலும் வெளிப்படையாகவே தெரியும். அதில் பொருளின் நல்ல குணம் மட்டுமே இருக்கும். குறையை விற்பவரே எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

விற்பனை ஏற்பாடு என்பது இதைவிட மிகப் பெரியது. இதைத்தான் மார்க்கெட்டிங் என்கிறோம். எந்த ஊரில், யாருக்கு, எந்தத் தரத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு சரக்கு தேவை என்று அறிவதில் இது தொடங்குகிறது. அதற்கேற்ற ரகத்தைத் தேர்ந்தெடுப்பது, விளைந்ததைக் காய வைத்துத் தரம் பிரிப்பது, மூட்டை பிடிப்பது, சேமித்து வைப்பது, சரியான சமயத்தில் கொண்டு சேர்ப்பது, விலை பேசுவது, பணம் கைக்கு வந்து சேர்வது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். விளம்பரம் இதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் தீரவேண்டும் என்பார்கள். வருவது நிச்சயம், வந்த பிறகு என்ன விலைக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பதுதான் விற்பனை ஏற்பாடு.

பிரசாரம் என்பது ஒரு கருத்தையோ பழக்கத்தையோ மக்களிடையே பரப்புவதாகும். பெரும்பாலும் அதில் உடனே வாங்க வேண்டிய பொருள் ஒன்றும் இருக்காது. 'எலியை ஒழியுங்கள்', 'மண் பரிசோதனை செய்யுங்கள்', 'இன்ன கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள்' என்பவை எல்லாம் பிரசாரமே. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'புராபகாண்டா' என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. பதியன் போட்டுச் செடியைப் பெருக்குவதைக் குறிக்கும் சொல்லே அதன் வேர். கிறிஸ்தவ சமயத்தைப் பரப்புவதற்காக 1622-ல் ரோமாபுரியில் போப்பாண்டவர் ஏற்படுத்திய சபையின் பெயரிலிருந்து இது பொது வழக்குக்கு வந்தது. பதியன் போட்ட கிளை வேர் பிடித்துத் தனிச்செடியாவது போல, பிரசாரத்தில் ஊன்றிய கருத்தும் கேட்டவர் மனத்தில் வேர் பிடித்து, அவருடைய சொந்தக் கருத்தாகவே ஆகிவிடும். பிரசாரத்தின் பலம் அதுதான். ஆபத்தும் அதுதான்.

முட்டை ஓர் உதாரணம்

நாமக்கல் வட்டாரத்து முட்டையை எடுத்துக்கொண்டால் இம்மூன்றையும் தெளிவாகப் பார்க்கலாம்.

1980-களின் தொடக்கத்தில் முட்டைக்கு விலை வைத்தவர்கள் வியாபாரிகளே. உற்பத்திச் செலவுக்கும் கீழே விலை இறங்கியதால் பண்ணையாளர்கள் பெரும் நஷ்டம் அடைந்தனர். இந்நிலையில் 1982-ல் டாக்டர் பி.வி. ராவ் அவர்களின் முயற்சியால், பண்ணையாளர்களே சேர்ந்து தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தனர். முட்டைக்கான விலையை இக்குழுவே வட்டாரவாரியாக அறிவிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்கான சத்துணவில் 1989-ல் முட்டை சேர்க்கப்பட்டதும், பின்னர் அதன் எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்ததும் நிலையான தேவையை உண்டாக்கின. இவை விற்பனை ஏற்பாடு.

இதே குழு, முட்டையைத் தினந்தோறும் சாப்பிடுங்கள் என்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. எந்தப் பண்ணையின் முட்டை என்று அதில் பெயர் இல்லை. சரக்கு பொதுவானது என்பதால் செலவும் பொதுவில் செய்யப்பட்டது. ஆனாலும் காசு கொடுத்து, பொருளை வாங்கச் சொன்னதால் இது விளம்பரமே.

இனிப் பிரசாரத்துக்கு வருவோம். 2006-ம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டது. நோய் கண்ட இடம் எங்கோ இருக்க, நாடு முழுவதும் கோழி, முட்டை விலை சரிந்தது. நன்கு வேக வைத்தால் அக்கிருமி அழிந்துவிடும் என்ற உண்மையைவிடப் பயம் வேகமாகப் பரவியது. 2020-ம் ஆண்டின் தொடக்கத்தில், கோழிக்கறியால் கொரோனா பரவுகிறது என்று கைபேசி வழியாக ஒரு புரளி கிளம்பியது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆயினும் கறிக்கோழி விலை வளர்ப்புச் செலவுக்கும் கீழே இறங்கிற்று. அந்தப் பயத்தைப் போக்குவதற்காக ஹைதராபாதில் அமைச்சர்களே மேடையில் கோழிக்கறி உண்டு காட்டினர். புரளியும் பிரசாரம்தான்; அதை முறியடிக்க மேடையேறிச் சாப்பிட்டதும் பிரசாரம்தான். ஒன்று பொய்யைப் பரப்பியது, மற்றொன்று உண்மையைப் பரப்பியது. ஆகவே பிரசாரம் என்றாலே கெட்டது என்றோ, நல்லது என்றோ முடிவு செய்துவிட முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல ஆண்டுகளாகச் செய்த விளம்பரத்தால் உண்டான தேவையை ஒரு வாரத்துப் புரளி தகர்த்துவிட்டது. விளம்பரம் கையைப் பிடித்து இழுக்கிறது. பிரசாரம் மனத்தைப் பிடிக்கிறது.

ரேடியோ நெல்

விவசாயிகளுக்கு நன்மை செய்த பிரசாரத்துக்குத் தஞ்சை மாவட்டமே சாட்சி. 1960-களின் பிற்பகுதியில், குறுவைக்கு ஏற்ற குறுகிய கால ரகமான ஆடுதுறை 27 வெளிவந்தது. வேளாண்மைத் துறை அதைப் பரப்ப முனைந்தபோது திருச்சி வானொலி நிலையம் பண்ணை ஒலிபரப்பு மூலம் அதன் சாகுபடி முறைகளை நாள்தோறும் சொல்லி வந்தது. வானொலியைக் கேட்டு விதைத்ததால் விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டனர். ஒரு ரகத்தின் பெயரையே மாற்றும் அளவுக்கு வானொலிக்கு அன்று செல்வாக்கு இருந்தது.

ஆனால் சர்க்காரின் பிரசாரம் என்பதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் சரியல்ல. பி.எச்.சி. 10 சதத் தூளை ஏக்கருக்கு இத்தனை கிலோ தூவுங்கள் என்று சொல்லாத ஆண்டே ஒரு காலத்தில் இல்லை. வயதான விவசாயிகள் பலருக்கு அதன் நெடி இன்னும் நினைவிருக்கும். அதை அன்று சிபாரிசு செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அன்றைய அறிவு அவ்வளவுதான். மண்ணிலும், பாலிலும், உணவிலும் அதன் நஞ்சு நெடுநாள் தங்குகிறது என்று தெரிந்த பிறகு 1997-ல் பி.எச்.சி. தடை செய்யப்பட்டது. டி.டி.டி. மருந்தை விவசாயத்தில் உபயோகிப்பது 1989-லேயே நிறுத்தப்பட்டது.

இதிலிருந்து அறிய வேண்டியது, பிரசாரத்தை நம்பக் கூடாது என்பதல்ல. அரசு அலுவலர் சொல்வதில் விற்பனை லாபம் இல்லை என்பதால் அதற்கு மதிப்புத் தரலாம். எனினும் புதிய முறை எதுவானாலும் முதல் பருவத்தில் பத்து சென்டில் செய்து பார்த்துவிட்டு, பிறகு முழு வயலுக்கும் கொண்டு போவதே முறை.

விளம்பரம் இருந்தது, விற்பனை இல்லை

மூன்றையும் பிரித்துப் பார்க்காததால் நேர்ந்த பெரிய நஷ்டத்துக்கு ஈமு கோழியைச் சொல்லலாம். 2010-க்குப் பின், ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்தை மையமாகக் கொண்டு ஈமு வளர்ப்புத் திட்டங்கள் பரவின. திரைப்பட நடிகர்கள் தோன்றிய விளம்பரங்கள் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் வந்தன. ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகள், தீவனம் தருவதுடன் மாதம் 6,000 ரூபாயும் தருவதாக ஒரு திட்டம் சொன்னது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். மாதம் 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய். கட்டிய பணத்தில் ஏறக்குறைய பாதி ஒரே ஆண்டில் திரும்பி வருகிறது. இத்தனை பணம் எங்கிருந்து வரும்? ஈமு இறைச்சியைத் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் சமைத்தார்கள்? அதன் எண்ணெயையும் தோலையும் வாங்க எந்த ஊரில் கடை இருந்தது? வாரச்சந்தையில் ஈமுவுக்கு என்ன விலை? இக்கேள்விகளுக்குப் பதில் இல்லை. விளம்பரம் வானளாவ இருந்தது. விற்பனை ஏற்பாடு என்பது ஏறக்குறைய இல்லவே இல்லை. முன்னால் வந்தவருக்குக் கொடுத்தது, பின்னால் வந்தவர் கட்டிய பணமே. புதிதாகச் சேர்பவர் குறைந்ததும் 2012-ல் எல்லாம் சரிந்தது. பறவைகள் தீவனமின்றித் தவித்தன. கால்நடைப் பராமரிப்புத் துறையே அவற்றுக்குத் தீனி போட வேண்டி வந்தது. முதலீட்டாளர் நலன் காக்கும் 1997-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின் கீழ் வழக்குகள் தொடரப்பட்டன. கோவைச் சிறப்பு நீதிமன்றம் சில வழக்குகளில் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. தண்டனை கிடைத்தாலும், நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பணம் கட்டியவர்களின் சங்கடம் அதனால் தீர்ந்துவிடவில்லை.

இதில் பலரை ஏமாற்றியது விளம்பரம் மட்டுமல்ல. 'பக்கத்து ஊரில் மாதாமாதம் பணம் வாங்குகிறார்கள்' என்று உறவினரும் நண்பரும் சொன்ன வாய்ப்பேச்சும் ஏமாற்றியது. விளம்பரமாகத் தொடங்கியது ஊர்ப்பேச்சாக மாறிப் பிரசாரமாகிவிட்டது. சொன்னவர் நல்லவர், அவர் அறிந்தே பொய் சொல்லவில்லை. ஆயினும் நஷ்டம் நஷ்டம்தான். ஈமு போயிற்று, நாளை வேறு பெயரில் ஒரு மரமோ, மூலிகையோ, கால்நடையோ வரலாம்.

படத்தைப் பார்க்காதீர், சீட்டைப் படியுங்கள்

விதைப் பையிலும் மருந்துப் புட்டியிலும் இரண்டு வகை எழுத்துக்கள் இருக்கும். பெரிய எழுத்தும் வண்ணப்படமும் விளம்பரம். சட்டப்படி அச்சிட வேண்டிய சிறிய எழுத்துக்களே தகவல்.

விதையில் முதலில் அட்டையின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை அட்டை ஆதார விதைக்கும், நீல அட்டை சான்று விதைக்கும் உரியவை. இவை விதைச்சான்றுத் துறையின் மேற்பார்வையில் விளைந்தவை. வெளிர் பச்சை அட்டை, உற்பத்தியாளர் தம் பொறுப்பில் தரும் உண்மை நிலை விதைக்கு உரியது. எந்த அட்டையானாலும் முளைப்புத் திறன், பரிசோதனைத் தேதி, காலாவதித் தேதி, குவியல் எண் ஆகியவற்றைப் படிக்க வேண்டும். நெல்லுக்கு முளைப்புத் திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

பூச்சி மருந்தில் நிற முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சுத்தன்மை குறைந்துகொண்டே போகும். பச்சை என்பதால் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. சீட்டில் எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்று உள்ளதோ அதற்கு மட்டுமே உபயோகிக்க வேண்டும்.

உரத்தில் பெயரைப் பார்க்காமல் சத்தின் அளவைக் கணக்கிடுங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதம் தழைச்சத்து, அதாவது 20.7 கிலோ. இப்படி ஒரு கிலோ சத்துக்கு என்ன விலை என்று பார்த்தால், எது மலிவு என்பது தெரிந்துவிடும். 'டானிக்' என்ற பெயரில் விற்கும் வளர்ச்சி ஊக்கிகளும் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவரப்பட்டுள்ளன. சத்து விவரம் எதுவும் இல்லாமல் வெறும் வாக்குறுதி மட்டும் உள்ள புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நலம்.

எதை வாங்கினாலும் ரசீது வாங்க மறக்கக் கூடாது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்துள்ளது. தவறான விளம்பரம் செய்பவர் மீதும், அதில் தோன்றிச் சிபாரிசு செய்பவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ரசீதும் காலிப் பையும் கையில் இருந்தால்தான் இச்சட்டங்களால் பயன் உண்டு. ஒரு பிடி விதையையும் எடுத்து வைத்திருப்பது நல்லது.

நாம் விற்கும்போது

விவசாயி வாங்குபவர் மட்டுமல்ல, விற்பவரும் கூட. 'நம் பொருளுக்கு விளம்பரம் இல்லை. அதனால் விலை இல்லை' என்று சிலர் குறைப்படுகின்றனர். பெரும்பாலும் குறைவது விளம்பரம் அல்ல, விற்பனை ஏற்பாடுதான். விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் கலந்து மூட்டை பிடித்தால், வியாபாரி தாழ்ந்த சரக்கின் விலையைத்தான் சொல்வார். நிலக்கடலையைச் சரியாகக் காய வைக்காமல் கொண்டு போனால் ஈரத்துக்கென்று விலையைக் குறைப்பார். பிரித்தல், உலர்த்தல், சரியான எடை ஆகிய மூன்றும் செலவு குறைந்தவை. எந்த விளம்பரத்தையும்விட அதிகப் பலன் தருபவை.

சென்னை ராஜதானியில் 1933-ல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்ததும், அதன்படி 1936-ல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஏற்பட்டதும் இதற்காகத்தான். அங்கே மறைமுக ஏலம், சரியான எடை, பொருளை இருப்பு வைத்துக் கடன் பெறும் வசதி ஆகியவை உண்டு. காய்கறி விளைவிப்போருக்கு 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை முறை பயன்படுகிறது. பத்து விவசாயிகள் சேர்ந்து ஒரே ரகத்தை விளைவித்து, தரம் பிரித்து, ஒரே லாரியில் கொண்டு போனால் விலை பேசும் பலம் தானே வரும். பெயர் நிலைத்த பிறகு விளம்பரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

யார் வந்து எதைச் சொன்னாலும் கீழ்க்கண்ட நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. இதைச் சொல்வதற்கு யார் செலவு செய்கிறார்? விற்பவரே செலவு செய்தால் அது விளம்பரம்.

2. நான் என்ன செய்ய வேண்டும் என்கிறார்? பணம் கட்டச் சொல்கிறாரா, பழக்கத்தை மாற்றச் சொல்கிறாரா, வெறும் பயத்தை மட்டும் உண்டாக்குகிறாரா?

3. விளைந்ததை யார் வாங்குவார்? திட்டம் சொல்பவர் ஒருவரே வாங்குவார் என்றால் அது சந்தை அல்ல. அவரைச் சாராத இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்டு உறுதி செய்த பிறகே இறங்க வேண்டும்.

4. பொய்த்துப்போனால் நஷ்டம் யாருக்கு? சொன்னவருக்கும் அதில் பங்கு உண்டா? இல்லையென்றால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

இவற்றுள் மூன்றாவது கேள்வியே முக்கியமானது. ஈமுவில் பணம் போட்டவர்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஒன்றரை லட்சம் மிஞ்சியிருக்கும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று முன்னோர் சொன்னதும் இதைத்தான். சுவரில் உள்ளதை வாசியுங்கள்; கூட்டத்தில் சொல்வதைக் கேளுங்கள்; முடிவை மட்டும் சந்தைக்குப் போய் விசாரித்த பிறகு எடுங்கள். இவ்வாறு செய்யும் விவசாயிகள் வீண் நஷ்டத்தைத் தவிர்த்து நல்ல பயன் அடையலாம்.